முகத்துணி பார்த்து வாங்கிய ரேடியோ

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டு அம்சவேணியின் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டே இது ஒற்றை இழையா இரட்டை இழையா, நெய்தவனுக்கு எந்த இடத்தில் கை தளர்ந்தது, எந்த இடத்தில் அவன் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போனான் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். காபியை நான் சேர்த்துச் சொல்லவில்லை. அவளே அப்படித்தான் சொல்லுவாள்.

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் மருமகளாக வந்தவள். வந்த நாளிலிருந்து பட்டு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. மாமனார் குப்புசாமி முதலியாருக்கு ஒரு தறி, புருஷன் திருஞானசம்பந்தத்துக்கு ஒரு தறி, கொழுந்தன் ஏகாம்பரம் இரண்டுக்கும் மாறி மாறிக் கை கொடுப்பான். மூவருமே தங்கமான மனுஷர்கள், கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதினைந்து வருஷத்தில் ஒரு நாளாவது அவளைக் கூப்பிட்டு, இதில் உனக்கு எது பிடிக்கிறது என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை. கேட்கலாமே என்று தோன்றவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் அந்த வீட்டுக்குக் கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் விளக்கோடு நிற்குமா ஆசை? சீட்டுப் பணமும் கைக்கு வந்ததால் ரேடியோ வாங்குவது என்று முடிவானது. எங்கள் தெருவில் அமாவாசையன்று யாரும், கால் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியில் இறங்குவதில்லை. அன்றைக்குத்தான் கடைத்தெருவுக்குப் போக ஒழியும். மூன்று ஆண்களும் குளித்து, விபூதி பூசி, காந்தி ரோட்டில் அந்தோணி வைத்திருந்த ரேடியோ கடைக்குப் போனார்கள். போன வேகத்தில் சண்டையோடு திரும்பினார்கள். முதலியாருக்குக் குரல் கணீரென்று கேட்க வேண்டும். சம்பந்தத்துக்குக் காலையில் தேவாரம் ஓர் எழுத்துப் பிசகாமல் காதில் விழ வேண்டும். ஏகாம்பரத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு சர்வதீர்த்தக் குளத்தங்கரையில் நடக்கிற மாதிரி டிரான்சிஸ்டர் வேண்டும். இவை மூன்றும் சீட்டுப் பணத்துக்குள் அடங்க வேண்டும். இப்படியே மூன்று அமாவாசை போயிற்று.

நாலாவது அமாவாசை காலையில் முதலியார் மருமகளைக் கூப்பிட்டார்.

"மூணு ஆம்பளைங்க மூணு மாசமா நடந்து செருப்புதான் தேஞ்சுது. நீ போயி பாரும்மா. நீ எது மேல கைய வைக்கிறியோ, அதான் நம்ம வூட்டு ரேடியோ."

"அண்ணி ஏதாவது சொத்தையா வாங்கினு வந்துட்டா?" என்றான் ஏகாம்பரம்.

"அப்புறம் எவன்டா அவளைக் கேக்கப் போறான்?" என்று சொல்லி முதலியார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை.

துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். வழியில் கச்சபேஸ்வரர் கோயிலில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு போட்டுக்கொண்டு அவள் வேண்டியதைப் பார்த்தால் யாருக்கோ பிரசவம் என்று நினைத்திருப்பார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் நான் சறுக்கினேன்னு வச்சுக்கோக்கா, இந்த ஜென்மத்துல என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அந்தோணி நல்ல பிள்ளை. எங்களை ஸ்டூலில் உட்கார வைத்து, பணத்துக்குள் வருகிற மூன்று ரேடியோக்களை வரிசையாக வைத்தான். அவற்றில் இரண்டு பட்டணத்திலிருந்து வந்தவை. மூன்றாவது அவனே மரப்பெட்டி செய்து, வால்வு பூட்டி ஒட்டுப்போட்டது. மீடியம் வேவ் என்றான், ஷார்ட் வேவ் என்றான், ஏரியல் என்றான். அம்சவேணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் ஏறவில்லை. மூன்றும் பாடிக் காட்டின. எங்களுக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் பாடின.

அப்போதுதான் அவள் கை தானாக நீண்டது. ரேடியோவின் முகத்தில், சத்தம் வருகிற இடத்தில், ஒரு துணி ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அந்த முகத்துணியில் அவள் விரல் பட்டது. பட்டதுதான் தாமதம், அவள் முகமே மாறிவிட்டது. அதுவரை பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தவள் வாத்தியார் மாதிரி ஆகிவிட்டாள்.

முதல் ரேடியோவைத் தடவி, இழைக்கு இழை சந்து இருக்கிறது, இது கொசுவலை என்றாள். இரண்டாவதில் மினுங்குவது ஜரிகையே இல்லை, பூச்சு என்றாள். மூன்றாவதைத் தொட்டாள். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் இழை எண்ணினாள்.

"ஏம்பா, இதை நெய்தவன் யாருப்பா? அடிச்சு அடிச்சு இறுக்கியிருக்கான். தண்ணி ஊத்தினாக்கூட இறங்காது."

அந்தோணி தலையைச் சொறிந்தான். "அக்கா, ரேடியோவைக் காதால பாக்கணும்."

"மேல போடற துணியையே இவ்ளோ நேர்த்தியா பாத்து எடுத்தவன், உள்ள இருக்கிறதை ஏனோதானோன்னா செஞ்சிருப்பான்?"

அந்தோணி பில் புத்தகத்தை எடுத்துவிட்டான். அவன் செய்த பெட்டியையே புகழும்போது அவன்தான் என்ன மறுத்துச் சொல்ல முடியும்?

ரிக்‌ஷாவில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்த வரவு, சுவாமி புறப்பாடு கெட்டது. தெருவில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். வாசலில் ஆரத்தி சுற்றினோம். ரேடியோவுக்கு மூன்று இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தோம். அந்தோணி ஏரியல் கட்டி, பிளக்கைச் செருகி, குமிழைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. வால்வு சூடாகிற வரைக்கும் கூடம் நிறைய ஜனம் மூச்சு விடாமல் நின்றது. பிறகு உள்ளிருந்து ஒரு நாதஸ்வரம் கிளம்பியது பாருங்கள். முதலியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தம் தாளம் போட்டார். ஏகாம்பரம்கூட, பரவாயில்லை அண்ணி என்றான். அன்று முழுக்க அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி. அம்சவேணி தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

மறுநாள் விடிந்தது. தறி இரண்டும் ஓட ஆரம்பித்தன. தெரு முழுக்க நூறு தறி ஓட ஆரம்பித்தது. ரேடியோவைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. பாட்டைக் காணோம்.

பாட்டு இருந்தது, ஆனால் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. குமிழை முழுக்கத் திருப்பினால் உறுமியது. ஒரு வார்த்தை புரியவில்லை. முந்தின நாள் ஊரே அமாவாசைக்கு ஓய்ந்து கிடந்ததில் இதை யாரும் கவனிக்கவில்லை. தறி ஓடும்போது எப்படிக் கேட்கும் என்று கடையில் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தறி சத்தம் எங்களுக்கு மூச்சு மாதிரி. அதை யார் ஒரு சத்தமென்று நினைப்பார்கள்?

முதலியார் தறியை நிறுத்திப் பார்த்தார். சம்பந்தமும் நிறுத்தினார். பத்துத் தரம் நிறுத்தியதில் மத்தியானத்துக்குள் புடவை நாலு விரல்கூட நகரவில்லை.

"அண்ணி வாங்கினது மௌன விரத ரேடியோபா" என்றான் ஏகாம்பரம். "அடுத்த அமாவாசைக்குக் குடுத்துட்டு டிரான்சிஸ்டர் எடுத்தாந்துடலாம்."

முதலியார் மருமகள் பக்கம் திரும்பாமல் துண்டை உதறித் தோளில் போட்டார். அதுதான் அம்சவேணிக்குச் சுட்டது. நேரே போய் ரேடியோ பெட்டிமேல் காதை வைத்தாள், குழந்தைக்கு மார்ச்சளி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. முன்னால் வைத்தாள், பக்கத்தில் வைத்தாள், பின்னால் போய் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்க அட்டையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த வழியாகப் பாட்டு கணீரென்று வந்துகொண்டிருந்தது.

அவள் காட்டியதும் முதலியாரும் காதை வைத்துப் பார்த்து, ரேடியோவைத் தூக்கி முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தறியை ஓட்டினார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பார்க்கிறவர்கள் ரேடியோவுக்கும் மாமனாருக்கும் மனஸ்தாபம் என்று நினைக்க மாட்டார்களா?

அந்த நேரம் பார்த்து அந்தோணி ஏரியல் கம்பியைச் சரிபார்க்க வந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரேடியோவைப் பார்த்தான். இந்தத் துணி எங்கே எடுத்தது என்று அம்சவேணி கேட்டதற்கு மெதுவாக உண்மையைச் சொன்னான். ரேடியோவுக்குப் போடுகிற துணி தீர்ந்துவிட்டதாம். யாரோ வக்கீல் வீட்டு சோபாவுக்கு எடுத்த துணியில் மிச்சம் ஒரு முழம் கிடைத்ததாம்.

"நீங்க கொசுவலைன்னு சொன்னீங்களே அக்கா, அது அப்படித்தான் இருக்கணும். சந்து இருந்தாத்தானே சத்தம் வரும்?"

நல்ல துணி என்றால் காற்றுகூடப் புகக் கூடாது என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கை வைத்து ரேடியோ வாங்க, உலகத்தில் பிள்ளையார்பாளையத்துக்காரியால்தான் முடியும். முதலில் சிரித்தது அம்சவேணிதான். ஏகாம்பரம் கீழே உட்கார்ந்தே விட்டான். அந்தோணி, ரேடியோத் துணியே மாற்றித் தருகிறேன், எட்டு நாள் ஆகும் என்றான்.

"எட்டு நாளு எதுக்குப்பா? பெட்டியைக் கழட்டு" என்றாள் அவள்.

பிளக்கைப் பிடுங்கினார்கள். அந்தோணி துணி ஒட்டியிருந்த முன்பலகையைக் கழற்றிக் கொடுத்தான். அம்சவேணி ஊசியை எடுத்துக்கொண்டு வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்று விட்டு ஒன்று இழை உருவ ஆரம்பித்தாள். அறுந்த இழையை ஒட்டியே பழகிய கை, நன்றாக இருக்கிற துணியைப் பிரிக்கிறது. சம்பந்தத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இருபது இழை எடுத்ததும் பலகையைப் பூட்டிப் போட்டுப் பார்த்தார்கள். பாடுகிறவர் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டியிருந்தார். இன்னும் இருபது எடுத்தாள். அடுக்களை வரைக்கும் வந்தார். மேலும் இருபது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தரமும் ஏகாம்பரம் தறிக்கும் ரேடியோவுக்குமாக ஓடி, "இன்னும் கொஞ்சம் அண்ணி, வந்துக்கினே இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஓர் இடத்தில் கை தவறி ஜன்னல் மாதிரி ஒரு கட்டம் விழுந்துவிட்டது. அவள் அசரவில்லை. எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு இன்னொரு கட்டம் உருவினாள். அப்புறம் நாலு மூலையிலும் நாலு. கடைசியில் பார்த்தால் முகத்துணியில், புடவைக் கரையில் போடுகிற தாழம்பூ ரேக்கு விழுந்திருந்தது. அந்தோணி இன்னும் மூன்று பெட்டிக்கு அதே மாதிரி செய்து தரச் சொல்லி அங்கேயே கெஞ்சினான்.

சாயங்காலம் மூன்று ஆண்களும் தறிக்குப் போனார்கள். இரண்டு தறியும் ஓட, ரேடியோ அதற்கு மேல் பேசியது. பேசியதும் பழைய சண்டை கிளம்பிவிட்டது. முதலியாருக்குச் செய்தி வேண்டும். சம்பந்தத்துக்குத் திருச்சியிலிருந்து வருகிற கச்சேரி. ஏகாம்பரம் சிலோன் வை என்று கத்தினான். மூன்று பேர் கையும் தறியில் இருந்ததால் குமிழைத் திருப்ப யாராலும் எழுந்து வர முடியவில்லை.

முதலியார் நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி தறியை நிறுத்தினார்.

"ஏம்மா அம்சவேணி, நீ சொல்லு. எதை வைக்கலாம்?"

நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவள், தேவாரம் சொல்லாமல் அடுப்புப் பற்றவைக்காதவள், கச்சேரிதான் வைப்பாள் என்று சம்பந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் குமிழைத் திருப்பிக்கொண்டே போனாள். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் சிலோன் கிடைத்தது. ஒரு குதியாட்டம் போடுகிற சினிமாப் பாட்டு. அங்கேயே நிறுத்திவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போய் உட்கார்ந்து ராட்டையைச் சுற்றினாள். முதலியார் பிடித்திருந்த நாடாவைத் தட்டிவிட்டார். பிறகு தறி ஓடியது, பாட்டின் தாளத்துக்கே ஓடியது.