பொன்முடிக்கு ஒரு குட்டி பஸ்

கண்டக்டர் உத்தியோகத்தில், பஸ் நிறைந்தால் ஜனங்கள் திட்டுவார்கள், காலியாகப் போனால் ஆபீஸ் திட்டும். படியில் தொங்கிப் பழகிய உங்களுக்கு முதல் திட்டு நன்றாகத் தெரியும். நான் வாங்கிய இரண்டாவதைக் கேளுங்கள்.

தேங்காய் உடைத்த அன்று

தொண்ணூறுகளின் கடைசி. பொன்முடி மலைப்பாதை வளைவுகளில் பெரிய பஸ் ஒரே மூச்சில் திரும்பாது. ரிவர்ஸ் எடுத்து எடுத்துத்தான் திரும்பும். அதனால் பாதி நீளத்தில் ஒரு பஸ்ஸை விட்டுப் பார்ப்போம் என்று எங்கள் போக்குவரத்து இலாகா முடிவெடுத்தது. மூன்று மாதம் பரீட்சை. ஆள் ஏறாவிட்டால் ரத்து. கிளம்பும் முன் டிரைவர் சோமன் டவுனில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். முதல் பயணி டவுனில் கரமனைப் பக்கத்து மாமா ஒருவர். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதோட அண்ணா எப்போ வருவான், சொல்லுங்கோ."

லயத்து வாசல்

இரவு மலைமேல் தங்கி, காலை ஏழுக்கு இறங்குவோம். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த தேயிலை எஸ்டேட் ஆட்கள் ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் தாசப்பன் என்பவன் ஓட்டிய வாடகை ஜீப்பில். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் மகள் செல்வி, கீழே விதுராவில் பிளஸ் ஒன் படித்தாள். தினமும் லேட். இனியும் லேட்டானால் பேரை வெட்டிவிடுவோம் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள்.

"எங்க பஸ்ஸில் அனுப்பவேண்டியதுதானே?" என்றேன்.

பேச்சியம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஜீப்பு எங்க லயத்து வாசலுக்கே வருது. ஒங்க பஸ்ஸுக்கு ரெண்டு மைலு நடக்கணும். ஒங்க ஆபீஸ்ல யாராவது நடந்து பாத்தாவளா அண்ணாச்சி?"

எதிரியோடு கட்டன் சாயா

சோமனும் நானும் தாசப்பனைக் கூப்பிட்டு, பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம். நீ மலை இறங்க வேண்டாம், லயத்திலிருந்து பஸ் வரைக்கும் மட்டும் ஓட்டு. நாலு நடை அடிக்கலாம், நாங்கள் காத்திருக்கிறோம் என்றோம். கிளாஸ் காலியாகும்வரை யோசித்தான். "என் கிளட்சுக்கு நல்லது அண்ணா. உங்க வேலைக்கு நல்லதான்னு நீங்க பாத்துக்கோங்க."

ஆபீசர் நின்ற கதை

மூன்றாம் மாதம், ரிப்போர்ட் எழுத ஆபீசர் வந்தார். ஏழு தாண்டியும் பஸ் நகரவில்லை. கவர்மென்ட் வண்டி ஜீப்புக்குக் காத்து நிற்பதா என்று கத்திக்கொண்டே கீழே இறங்கினார். அதற்குள் ஜீப் வந்து, கூட்டம் ஏறி, அவருடைய சீட்டில் செல்வி உட்கார்ந்துவிட்டாள். மனுஷர் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வளைவுகளில் எழுத முடியவில்லை. பேப்பரை அவளிடம் கொடுத்து, மலையாளத்தில் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். சர்வீஸ் தற்காலிகமா, ஸ்திரமா என்ற இடத்தில் மட்டும், விதுரா போய்ச் சொல்கிறேன் என்றார். எனக்கு சந்தோஷம் பொங்கியது அங்கே போன பிறகுதான். விதுராவில் செல்வி பேப்பரை நீட்டி, "ஸ்திரம்னு எழுதிட்டேன் சார், வெட்டினா அசிங்கமா இருக்கும்" என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு அந்தப் பஸ்ஸைத் தன் புதுமை என்று இலாகாவும் தன் புதுமை என்று தாசப்பனும் சொல்லிக்கொண்டார்கள், எழுதினவளை யாரும் கேட்கவில்லை, அவளுக்கோ முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டது.