அப்துல் ஷுக்கூர் பாயும் காதறுந்த கெடாவும்

கிட்ட வந்து உக்காருங்க, ஆட்டு வாடை அடிச்சா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஆட்டு யாவாரத்துல, பல்லைப் பிடிச்சுப் பார்த்து ஆட்டோட வயசைச் சொல்லிடலாம். வாங்க வந்தவர் மனசைச் சொல்லத்தான் ஒரு வழியும் கிடையாது. சந்தையில நின்னு தொண்டை கிழியக் கத்திப் பிழைக்கிறவிய எல்லாருக்கும் இது புரியும்.

பாதிப் பேரு

கோவில்பட்டியில பிரியாணிக் கடை வச்சிருக்கிற பாய் ஒருத்தர் எட்டயபுரம் சந்தையில எங்கிட்டதான் ஆடு வாங்குவார். பேரு அப்துல் ஷுக்கூர். சந்தை இரைச்சல்ல அவ்வளவு நீளமா யாரு கூப்பிடுவா? "ஏ ஷுக்கூரு!"ன்னு ஒரு கத்துக் கத்தினேன். அவர் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னார்: "அண்ணாச்சி, ஷுக்கூருங்கிறது அல்லாவோட பேருல ஒண்ணு. அப்துன்னா அடிமை. நான் அவனுக்கு அடிமை. நீங்க முன்பாதியை வெட்டிட்டு என்னைச் சாமியாக்கிப்புடுதீங்க. வெறும் பாய்னே கூப்பிடுங்க."

அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். நன்றி பாராட்டுறவன்னு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நாமதானே சாமிக்கு நன்றி சொல்லணும், சாமி யாருக்குச் சொல்லும்? பாய் சிரிக்கலை. "நீங்க ஒருத்தனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் அல்லா அதைப் பெருசா எடுத்துக்கிட்டுத் திருப்பிக் குடுப்பான், அண்ணாச்சி. நாமதான் குடுத்ததைச் சொல்லிக்காட்டிக்கிட்டே திரியுதோம்."

இறங்க மாட்டேன்னது

பாய் சம்சாரம் ஆயிஷா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. புதூர்ப் பக்கம் ஒரு ஊரு. ஐப்பசி மழை. நம்ம கரிசல் நனைஞ்சா என்ன செய்யும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? செருப்பைப் பிடுங்கிக்கிடும், டயரை முழுங்கிடும். அன்னைக்கு அந்த ஊர்ல லோடு ஆட்டோவுல ஆடு ஏத்திக்கிட்டு நிக்கேன், ஆயிஷாவோட அம்மா தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு ஓடி வருது. மகளுக்கு மாசம் முடியுறதுக்குள்ள வலி எடுத்துட்டு. ஆம்புலன்ஸ் தார் ரோட்டுலயே நிக்குது, உள்ள வந்தா மாட்டிக்கிடும்.

ஆட்டையெல்லாம் இறக்கினோம். ஒரு கருப்புக் கெடா மட்டும் மூலையில காலை ஊணிக்கிட்டு, இறங்கவே இல்லை. அதோட மல்லுக்கட்ட நேரம் ஏது? ஆயிஷாவை ஏத்தி, அம்மாவையும் ஏத்திக் கிளம்பிட்டேன். பாதி வழியில சக்கரம் புதைஞ்சுட்டு. புஞ்சை ஓரமா அடுக்கிக் கிடந்த பருத்தி மாரை, அதான் பருத்திச் செடிக் குச்சியை, எடுத்து டயருக்கு அடியில திணிச்சேன்; பின்னாலயே ஓடி வந்த ஊர்க்காரவிய நாலு பேர் தள்ள, நான் வண்டியை முறுக்குதேன். அதுவரை முனகிக்கிட்டு இருந்த ஆயிஷாகிட்ட இருந்து சத்தமே இல்லை. எனக்கு உயிரே இல்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேல ஏறுச்சு. கெடாவோட காது கதவுக் கொக்கியில மாட்டிப் பாதி அறுந்து போச்சு. அது கத்தின கத்துக்குப் பின்னாலயே ஆயிஷா குரல்: "அண்ணாச்சி, சீக்கிரம் போங்க! இந்தக் கெடா என் முந்தானையைத் திங்குது!"

முழுப் பேரு

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து பையன் பிறந்தான். குறை மாசம்கிறதால கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாவ. ஏழாம் நாள் வைக்க வேண்டிய பேரு தள்ளிப் போச்சு. பாய் கடையைத் திறக்கலை. ஒரு வழியாப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், பேரு வைக்கிற அன்னைக்கு நன்றியா அறுக்கிறதுக்கு ரெண்டு கெடா கேட்டார். அகீகான்னு அதுக்குப் பேரு. ஒண்ணு அந்தக் கருப்புக் கெடாவா இருக்கணுமாம், ராசியானதாம். ஆயிஷா பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு கெடாவையே பாத்துச்சு. பள்ளிவாசல்ல தொழ வைக்கிற ஹஜ்ரத் வந்து காதைத் தூக்கிப் பாத்தார். "பாதிக் காது இல்லியே, குறையுள்ளது ஆகாது"ன்னுட்டார். ஆயிஷா முகத்துல அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு. நான் வேற கெடா கொண்டாந்தேன்.

பையனுக்கு ஷாகிர்னு பேரு. நன்றியுள்ளவன். ஷுக்ருன்னா நன்றியாம், அப்பன் பேரும் மகன் பேரும் அதுல இருந்து வந்ததாம். இப்ராகிம் நபியையே குர்ஆன்ல அந்தச் சொல்லாலதான் சொல்லியிருக்காம். ஹஜ்ரத்தான் சொன்னார். நான் தயங்கித் தயங்கி, "பாய், இதுக்கு முன்னால ஏதும் சேக்கணுமா?"ன்னு கேட்டேன். பாய் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். கண்ணு கலங்கியிருக்கு, வாய் சிரிக்குது. "ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, இது மனுசன் பேரு. சந்தையில நின்னு தொண்டை கிழியக் கூப்பிடுங்க, ஓடி வருவான்."

அந்தக் கெடாவை நான் இன்னும் விக்கலை; ஷாகிர் தத்தித் தத்தி வந்து அதோட அறுந்த காதைத் தடவும்போதெல்லாம், நன்றிங்கிற சொல்லையே கேள்விப்படாத மாதிரி அது அவன் சட்டையைப் பிடிச்சுத் திங்குது.