பஸ்ஸில் ஏறிய சிலாகை

அறுவடை தொடங்கும் நேரத்தில் எங்கள் நெல் லொறியின் பின் அக்சில் முறிந்தது. கணவர் காலில் மாவுக்கட்டுடன் கிடந்ததால், வவுனியாவில் பழைய அக்சில் வாங்க நானே போக வேண்டியிருந்தது.

அளவு நாடாவை எத்தனை முறை பிடித்தாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அதனால் கூரைக்குப் போடும் மரச் சிலாகை ஒன்றை முறிந்த அக்சிலோடு வைத்து, சில்லுகள் பூட்டும் இரண்டு முனைகளையும் ஸ்பிரிங் அமரும் இரண்டு இடங்களையும் மரம் அரியும் வாளால் கீறினேன். இடுப்பில் குழந்தையும் கையில் சிலாகையுமாக முரசுமோட்டையில் பஸ் ஏறினேன்.

“தங்கச்சி, வீடு கட்டவோ போறியள்?” என்றார் நடத்துநர்.

பழைய சாமான் கடைக்காரர் ஓர் அக்சிலைக் காட்டினார். “அகலம் சரி தங்கச்சி. நம்பி ஏத்துங்கோ.”

சிலாகையை வைத்தேன். முனைகள் பொருந்தின. ஸ்பிரிங் கீறல்கள் நாலு விரல் விலகி நின்றன.

“அதை வெட்டி ஒட்டலாம். வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும்.”

நான்தான் பிழையாகக் கீறிவிட்டேனோ? சிலாகையை முனை மாற்றித் திருப்பி வைத்தேன். அதே நாலு விரல்.

“மூட்டை ஏத்திக்கொண்டு ஓடப்போறவர் அவர்தான் அண்ணை. ஒட்டினது வேண்டாம். அந்தக் குவியலில கிடக்கிறதை இறக்குங்கோ.”

“எல்லாத்தையுமோ?”

“ஓம். சரிவருமட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். மூன்றாவது பொருந்தியது.

எதையும் இரண்டு தரம் பார்க்கும் என் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அடுப்பை அணைத்தேனா என்று இன்றும் பாதி வழியில் திரும்பி வருகிறேன். அதற்காக இப்போது யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.