தூசி என்று துடைத்த குறிகள்

அய்யம்மாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் வாய் அடைத்துவிடும். சிவகாசி அச்சகத்தில் பன்னிரண்டு பேர் பார்க்க, சின்ன முதலாளி ஹரிபிரசாத் அவளை நோக்கிக் கை நீட்டியபோதும் அப்படித்தான் ஆனது.

"இந்தம்மாதான் குறியெல்லாம் அழிச்சிருக்கு டீச்சர். பட்டாசுக் கம்பெனியில பசை ஒட்டிட்டு இருந்த ஆளு. மியூசிக்கப் பத்தி என்ன தெரியும்?"

நேற்றுவரை அக்கா, இன்றைக்கு இந்தம்மா. எதிரே நின்ற ஸ்ரீமதி டீச்சர் மதுரையில் பியானோ வகுப்பு நடத்துகிறவர். இருபது வருஷமாகத் தன் கையால் எழுதிச் சேர்த்த பாடங்களைப் புத்தகமாக்கக் கொடுத்திருந்தார். அச்சாகி வந்த பிரதியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தார்.

அய்யம்மாள் ஆமத்தூர்க்காரி. பத்தொன்பது வயதில் பட்டாசு வேலைக்குப் போனவள். பக்கத்து அறை வெடித்து நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் மௌஸைப் பிடிக்கக் கற்றாள். ஸ்கேன் செய்த பக்கங்களில் இருக்கும் அழுக்கு, கீறல், தூசிப் புள்ளி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுப்பதுதான் வேலை. காலண்டர் சாமி முகத்தில் கொசுக்கால் அளவு புள்ளி இருந்தாலும் விடமாட்டாள். அந்தப் பேர்தான் அவளுக்குச் சோறு. அது கெட்டால் வேறெந்த அச்சகமும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவிடாது. மறுபடியும் பட்டாசு மருந்து வாடைதான்.

அவளுக்கா தெரியாது? டீச்சரின் பழுப்பேறிய தாள்களில் பாதிப் பக்கம் துடைத்தவுடனேயே கையை எடுத்தவள் அவள். ஒவ்வொரு சுரக் குறியின் உருண்டைத் தலைக்குக் கீழும் ஒரு புள்ளி. சிலவற்றின் மேலே படுக்கப்போட்ட அம்புமுனையாக ஒரு கூர். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாய்ந்த ஆங்கில எழுத்துகள். அடியில் திறந்த கத்தரிக்கோல் மாதிரி விரியும் இரண்டு கோடுகள். தூசி எங்கே வேண்டுமானாலும் விழும். தலைக்கு ஒன்று என்று எண்ணி விழாது.

எழுந்து போய்ச் சொல்லவும் செய்தாள். "தம்பி, இது தூசி மாதிரித் தெரியல. டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

ஹரிபிரசாத் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கிறுக்கலா இருக்கும்க்கா. தீபாவளி லேபிள் ஆர்டர் வரிசையில நிக்குது. வெள்ளை வெளேர்னு ஆக்குங்க, போதும்."

சரிபார்க்க டீச்சருக்குப் புரூஃபும் அனுப்பவில்லை. அனுப்பினால் இரண்டு நாள் போய்விடுமாம். அவள் துடைத்தாள். இப்போது அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

டீச்சர் கத்தவில்லை. பக்கத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார். "புள்ளி இருந்தா விரலைச் சட்டுனு எடுக்கணும். கூர் இருந்தா அழுத்தி அடிக்கணும். கோடு விரிஞ்சா சத்தம் ஏறணும். 'எஃப்'னா பலமா, 'பி'னா மெதுவா. இதெல்லாம் இல்லாம எண்பது பக்கமும் ஒரே கத்தலா இருக்கும். இதை வச்சுப் பிள்ளைங்க எப்படிப் பரீட்சைக்குப் போகும்?"

இரண்டாயிரம் பிரதியும் கழிவுக்குப் போனது. மறுபடி ஸ்கேன் செய்து அடித்துத் தருவதாகச் சொல்லிப் பெரிய முதலாளி இராமகிருஷ்ணன் டீச்சரைக் கும்பிட்டு அனுப்பினார். மெஷின் ஓட்டும் மணிகண்டராஜ் ஒரு பக்கத்தைத் துடைத்துப் பார்த்தான். தூசி தங்கிவிட்டது, கூர் பறந்துவிட்டது. இரண்டையும் பிரிக்கிற கண் அங்கே ஒருத்திக்குத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஹரிபிரசாத் அவள் நாற்காலி அருகே குனிந்தான். பின்னால் ஆஃப்செட் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு என் மேலதான்க்கா. மனசுல வச்சுக்காதீங்க."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது வாய் திறந்தது.

"நேத்து என்னைப் பேசும்போது மெஷின் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்புட்டுப் பேரும் கேட்டாக. இப்பவும் நிறுத்திட்டுச் சொல்லுங்க தம்பி."

"லேபிள் ஓடுதுக்கா, எப்படி நிறுத்த?"

"அப்ப ஓடட்டும். நான் இங்கனதான் இருப்பேன். கை வேலை செய்யாது."

அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகத் தயாராகத்தான் இருந்தாள். கண்ணாடி அறையிலிருந்து பெரிய முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் ஹரிபிரசாத் மணிகண்டராஜைப் பார்த்துக் கையைக் காட்ட, மெஷின் நின்றது.

"அய்யம்மாக்கா முன்னாடியே கேட்டாங்க. நான்தான் துடைக்கச் சொன்னேன்."

"அந்தக் கோடியில தாள் மடிக்கிற பாண்டிச்செல்விக்குக் கேட்டிருக்காது" என்றாள் அய்யம்மாள்.

அவன் முகம் சிவந்தது. இந்த முறை தெருவுக்கே கேட்டது.

கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. அந்தக் கோபத்தோடேயே முதல் பக்கத்தைத் திறந்து, முதல் புள்ளியை விட்டுவிட்டு அதன் பக்கத்திலிருந்த தூசியைத் துடைத்தாள்.