ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

காலையில் தாலுகா கச்சேரி மணி ஆறு அடித்து ஓய்கிற நேரத்தில்தான் நாவிதரின் கத்தி என் தொண்டைக்கு வரும். சென்ற வாரம் ஒரு நாள், ஆறாவது அடியின் ரீங்காரம் அடங்குமுன் அவர் கத்தியைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். “பேசாதீய அய்யா, கத்தி குரல்வளையில இருக்கு” என்றார். நான் பேசவில்லையே என்றேன். “ஏழுன்னு சொன்னீயளே?” ஊரில் என்னை வாயாடி என்பார்கள். ஆனாலும் கழுத்தில் கத்தி இருக்கும்போது பேசுகிற அளவுக்கு நான் வீரன் அல்லன். விரல் தானாகவே தொண்டைக்குப் போயிற்று. அது புது வாத்தியார் எனக்கு விட்டுப்போன பழக்கம்.

சேரன்மகாதேவிக்கு ரயில் வந்த புதிதில், ஆற்றை ஒட்டிய சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் வாத்தியார். என் பாடமுறை எளியது. நான் ஒன்றைச் சொல்வேன், வகுப்பு மொத்தமும் அதைத் திருப்பிக் கத்தும், அர்த்தம் யாரையும் தொந்தரவு செய்யாது. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து வந்த புது வாத்தியாரோ பையன்களைத் தனித்தனியே அழைத்து ஆளுக்கொரு கேள்வி கொடுத்து அனுப்புவார். ஒரே கூச்சலில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு மெனக்கேடா என்று நான் கேலி செய்வேன்.

பையன்கள் காலையில் பெஞ்சு வரிசைப்படி ஆளுக்கொரு எண் சொல்லவேண்டும். பன்னிரண்டில் முடிந்தால் எல்லோரும் வந்தாயிற்று. அந்த ஐப்பசி வெள்ளத்தில் ஏழாம் எண்காரனை ஆறு கொண்டுபோயிற்று. எட்டாவது அவனுடைய தம்பி. அண்ணனின் எண்ணை அவன் ஏற்க மறுத்துவிட்டான். எனவே ஆறுக்குப் பிறகு ஒரு மூச்சு மௌனம், பிறகு எட்டு என்று ஏற்பாடு செய்தேன். சில நாட்கள் கழித்து அந்த மௌனத்திலிருந்து “ஏழு” என்று கேட்டது. தாழ்ந்த குரல்தான், எவன் வாயிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. நான் இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மறுநாளும் கேட்டது. கேட்ட குரல்கள் பன்னிரண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் பதினொருவர்.

“அண்ணன் கூப்பிடுதான்” என்றான் தம்பி. சோறு இறங்கவில்லை. பள்ளிவிட்டதும் படித்துறைக்குப் போய், காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துகொள்வான். அவன் தாய் தூங்கும்போது தன் முந்தானையை அவன் அரைஞாணில் முடிந்துகொண்டாள். நான் என் அறிவுக்கு எட்டியபடி, பேய் கிடையாது என்று வகுப்பைப் பத்து முறை சேர்ந்து சொல்லச் சொன்னேன். அவர்கள் நடுங்கிக்கொண்டே அழகாகச் சொன்னார்கள்.

புது வாத்தியார் வழக்கம்போல் தனித்தனியாக அழைத்தார். நன்றாகப் பாடுகிறவனிடம், “ஏலே, அது என்ன சுருதின்னு மட்டும் கேட்டுட்டு வா.” தொட்டால்தான் எதையும் நம்புகிற தச்சர் மகனிடம், “பெஞ்சுல உள்ளங்கைய வச்சுக்கோ.” மிகவும் பயந்தவனை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். நான் பொறுமையிழந்தேன். “விடை தெரிஞ்சா சொல்லித் தொலையும் வே. அங்கன ஒரு பிள்ளை ஆத்துக்குள்ள போயிரும் போலுக்கு.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன வே செய்ய?” என்றார். “நீர் சொன்னதத்தான் பத்துத் தடவ சொன்னானுவளே, பயம் போச்சா? எல்லாருக்கும் ஒரே கேள்வியக் குடுத்தா ஒரே பயந்தான் திரும்பி வரும்.” ஆனால் அன்று மாலை படித்துறையில் தம்பிக்குப் பின்னால் ஒரு படி தள்ளி அவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாடுகிறவன், அது ஒரு குரல் இல்லை, பல குரல் ஒட்டியிருக்கிறது என்றான். தச்சர் மகன், பெஞ்சு நெடுகிலும் அதிருகிறது என்றான். வெளியே நின்றவன், “எல்லாரும் முனங்குத மாதிரி இருக்கு சார்” என்றான். கடைசியாகத் தம்பியிடம் அவர் சொன்னார்: “நாளைக்குத் தொண்டையில வெரல வச்சுக்கோ. வேற ஒண்ணும் செய்யாண்டாம்.”

ஆறு. மௌனம். ஏழு. தம்பியின் முகம் வெளுத்தது. “சார், நாந்தான்” என்றான். பாடுகிறவன் தன் தொண்டையைத் தொட்டபடி, “நானுந்தான் போல” என்றான். மறுநாள் பதினொரு விரல்கள் பதினொரு தொண்டைகளில் இருந்தன. “நீரும் வச்சுப் பாரும் வே” என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டே வைத்தேன். என் உதடுகள் மூடியிருந்தன. உள்ளே ஏதோ எனக்குத் தெரியாமல் எழுந்து, ஏழு என்று சொல்லிவிட்டு அடங்கியது.

கூட்டமாகச் சொல்லியே பழகிய வாய்கள், விட்டுப்போனதைத் தாமாகவே நிரப்பியிருக்கின்றன. பழக்கியவன் நான். அடுத்த வாரம் தம்பி எழுந்து நின்று, உரத்த குரலில், தன் எண்ணாகவே “ஏழு” என்றான். கணக்கு பதினொன்றில் முடிந்தது. தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

புது வாத்தியார் பிறகு புன்னக்காயலுக்கு மாறிப்போய் அங்கேயே காலமானார். சென்ற வாரம் அந்தக் காலையில் இதையெல்லாம் நாவிதரிடம் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

இன்று காலை மணி ஆறு அடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே விரலை வைத்திருந்தேன். “ஏழு” என்று கேட்டது. என் தொண்டை அசையவில்லை. கண்ணைத் திறந்தேன். நாவிதர் ஒரு கையில் கத்தியும் மறு கை விரல் தன் குரல்வளையிலுமாக நின்றிருந்தார். அந்தப் பையன் முகத்தில் அன்று கண்ட அதே வெளுப்பு.

“அய்யா,” என்றார் பைய, “நாந்தான் போலுக்கு.”