மாப்பிள்ளை செலவில் பாலைவனம்

சங்க வேலைக்கு வருகிறவன் முதலில் பழக வேண்டியது, முதலாளி வாங்கித் தரும் டீயைத் தொடாமல் ஆறவிடுவது. பேச்சுவார்த்தை மேசைகளில் என் முன்னால் ஆடை படிந்துபோன டீயை எல்லாம் சேர்த்திருந்தால் தி.நகரில் ஒரு கடையே போட்டிருக்கலாம். துண்டறிக்கை படித்து அறிவு வளர்த்து, ஆலை வாசலில் கூட்டம் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் 'ரெஸ்ட் எடு' என்று சொந்தக் குடும்பத்தால் எங்கோ இழுத்துச் செல்லப்பட்ட தோழர்களே, இது உங்களுக்காக.

டிக்கெட் வந்த வேகம்

ஈக்காட்டுத்தாங்கலில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை. கழிவறைக்குப் போவதற்கு டோக்கன் வாங்க வேண்டும் என்று புதிதாக விதி போட்டார்கள். எதிர்த்துக் கேட்ட ஆறு பெண்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் அவர்கள் சங்கத்தின் கௌரவத் தலைவர். முதலாளி மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர்களை உள்ளே எடுக்க வேண்டும் என்பதில் ஓர் அங்குலம்கூட நான் இறங்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தாயிற்று. அப்போது எங்கள் செயலாளர் ஆரோக்கியம், பேச்சு தள்ளிப்போய்விட்டது என்று போன் செய்தார். அவர் பொய் சொன்னால் காது சிவக்கும். போனில் காது தெரியாது.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை பிரவீண் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தார். ராஜஸ்தானில் பாலைவனத்துக்குள் ஒரு விடுதியாம், குடும்பத்தோடு போகிறோமாம், டிக்கெட் போட்டாயிற்றாம். பிரவீண் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் மனிதவளம் பார்க்கிறவர். மனிதவளம் என்பது மனிதர்களைச் சிரித்தபடி வெளியே அனுப்பும் துறை. அவர் கொண்டுவரும் இனிப்பைக்கூட வேறு யாராவது தின்ற பிறகுதான் நான் தொடுவேன். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்குமுன் என் மகள் கயல் முந்திக்கொண்டாள்: "நைனா, பையில நோட்டீஸ அடுக்காம ரெண்டு ஸ்வெட்டர் வெய்யி. மத்தத அப்பால பேசிக்கலாம்."

வரவேற்பு

கடைசிக் கிராமத்தைத் தாண்டியதுமே கைபேசியில் டவர் போய்விட்டது. மணலுக்கு நடுவில் மண்சுவர்க் குடிசைகள், குடிசைக்குள் ஏசி. ஏழ்மையை இவ்வளவு செலவு செய்து கட்டி நான் பார்த்ததில்லை. வாசலில் இரண்டு பேர் மேளம் அடித்தார்கள். என் தலையில் முண்டாசு கட்டினார்கள். சிவப்பு நிறம் என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்து ஒரு தம்ளரில் ஏதோ சர்பத் வந்தது. வழக்கப்படி மேசையில் வைத்து ஆறவிட்டேன். ஐஸ் மிதக்கும் பானத்தை இந்த மனிதர் எதற்காக ஆறவிடுகிறார் என்று விடுதி மேலாளர் குழம்பி நின்றார். என் மனைவி செல்வி தன்னுடையதைக் குடித்து முடித்து, என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். "யோவ், ஒட்டகம் மேயிற ஊர்ல ஒன்ன எவன்யா வெலைக்கு வாங்கப் போறான்? சும்மா கெட."

மொழிபெயர்ப்பு

விடுதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வேலைக்காரர்கள் அதில்தான் தங்குகிறார்கள் என்பதை மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஒட்டகக்காரர் ஒருவர் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. பிரவீணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வார விடுமுறை, வேலை நேரம், சங்கம் சேரும் உரிமை எல்லாவற்றையும் விளக்கிப் பேசினேன். கைதட்டல் விழ வேண்டிய இடங்களில் நிறுத்தியும் பேசினேன்.

பிரவீண் இந்தியில் இரண்டே சொல் சொன்னார். ஒட்டகக்காரர் எழுந்து என்னைக் கும்பிட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார். என் பேச்சை எங்கே வெட்டினீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். பிரவீண் சிரித்தார். "'நல்ல மனுசன்'னு சொன்னேன் மாமா. மிச்சம் அவருக்கே தெரிஞ்சதுதானே?"

மேலாளர் அறை

அந்த விடுதியில் மேலாளர் அறையில் மட்டும்தான் ஒரு போன் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரவீண் அந்தப் பக்கம் நழுவினார். நான் சன்னலோரம் போய் நின்றேன். வேவு பார்ப்பது இழிவு என்பார்கள். வேவு பார்க்காததால் தோற்ற வேலைநிறுத்தங்களை நான் பார்த்திருக்கிறேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்து ஆகுற வரைக்கும் இங்கதான் இருப்பார், நான் பாத்துக்கறேன்" என்றார் பிரவீண்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டறை முதலாளி என் வீட்டு மாப்பிள்ளையை வாங்கிவிட்டான்! ஆறு பெண்கள் தெருவில் நிற்க, நான் முண்டாசு கட்டிக்கொண்டு மணலில் நிற்கிறேன். செல்வியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள். "வாங்கனா வாங்கட்டும். ஒன்ன ஒரு வாரம் மேய்க்கறதுக்கு அந்தப் புள்ளைக்கு இன்னா குடுத்தாலும் தகும்."

மணல்மேடு

மறுநாள், டவர் இல்லாத கைபேசியை ஒட்டகக்காரரிடம் நீட்டினேன். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தூரத்தில் இருந்த உயரமான மணல்மேட்டைக் காட்டி, ஒட்டகத்தை உட்காரவைத்தார். குடல் வாய்க்கு வரக் குலுங்கி மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு கோடு டவர் இருந்தது. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். பின்னால் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தை தள்ளிப்போகவே இல்லையாம்; அன்றே நடந்து, அன்றே முடிந்து, ஆறு பேரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

"மோசம் போயிட்டோம்யா! மொதலாளி என் மாப்பிள்ளய வளைச்சுட்டான்" என்று கத்தினேன். "மொதலாளி இல்ல தலைவரே, நான்தான் அவர்கிட்ட கெஞ்சி உங்களக் கூட்டிகினு போகச் சொன்னேன்" என்றார் ஆரோக்கியம். அந்தக் காது இந்நேரம் சிவந்திருக்காது. டோக்கன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். டோக்கன் அப்படியேதான் இருக்கிறதாம். மானத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டாசு வெடிக்கிறீர்களா என்றேன். நிறுத்தப்பட்ட ஆறு பேரில் ஒருத்தியான மும்தாஜ் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "டோக்கனுக்கு உள்ள இருந்துகினு சண்ட போட்டுக்கறோம் தலைவரே. வெளிய நின்னுகினு போட்ட சண்டையில ஊட்ல அடுப்பு எரியல."

இறக்கம்

அந்தக் கடிதம் தப்பு என்று இன்றும் சொல்வேன். ஆனால் அடுப்பு எரியவில்லை என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை; சொல்லும்படி நான் பேச்சை நிறுத்தியதும் இல்லை போலிருக்கிறது. ஒட்டகம் கீழே வந்தபோது பிரவீண் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

நான் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். எல்லாம்தான் முடிந்துவிட்டதே, நாளைக்கே சென்னைக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவங்க கேட்டது மூணு நாள்தான் மாமா. உங்களத் தெரியுமே, அதான் ஒரு வாரத்துக்குப் போட்டுட்டேன்."

சதி நடக்கிறது என்று டிக்கெட் வந்த அன்றே நான் கண்டுபிடித்தது சரிதான், தோழர்களே. சதிகாரர்கள் அத்தனை பேரும் நம் ஆட்களாக இருந்தால் யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது என்றுதான் நான் படித்த எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை.