ஆள் இருந்தால் எரியும்

எச்சில் கையால் காகம் கூட விரட்டமாட்டாள் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். கரண்ட் விஷயத்தில் நான் அப்படித்தான். நெடுந்தீவுக்கு மின்சாரம் கடல் தாண்டிக் கம்பியில் ஓடி வருவதில்லை. இப்போது வெயிலும் காற்றும் கொஞ்சம் கைகொடுத்தாலும், எண்ணெய் படகில் வந்து இறங்கி இங்கே எஞ்சின் ஓடத்தான் வேண்டும். பட்டப்பகலில் விறாந்தையில் லைட் எரிகிற வீட்டைக் கண்டால், படலையைத் திறந்துகொண்டு போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வெளியிலும் வாய் சும்மா இருப்பதில்லை.

என் தம்பி வெளிநாட்டில் மின்வேலை செய்கிறவன். போன முறை லீவில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய லைட்டுகள் கொண்டுவந்து, அறைக்கு அறை பொருத்திவிட்டான். ஒவ்வோர் அறைச் சுவரிலும் பொத்தானளவில் ஒரு கண். இருட்டும் நேரத்தில் ஆள் அசைந்தால் லைட் எரியும். அசைவில்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். எந்த அறையில் எவ்வளவு நேரம் எரிந்தது என்று என் போனிலும் பார்க்கலாம், அங்கிருந்து அவனும் பார்க்கலாம்.

"மனிசர் மறந்தாலும் இது மறக்காது அக்கா" என்றான். என்னை நினைத்துக்கொண்டே யாரோ கண்டுபிடித்த சாமான் போலத்தான் எனக்கு இருந்தது.

என் கணவர் பயணிகள் படகில் ஓட்டியாக இருந்தவர். அதற்கு முந்திய வருஷம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வரும். பகல் முழுக்க உள்ளறையில் சாய்மனைக் கதிரையில், யன்னலைப் பார்த்தபடி இருப்பார். இரவுச் சாப்பாடு கொடுத்த பிறகு கட்டிலில் படுக்கவைப்பேன். போனில் பார்த்தால் வீட்டிலேயே ஆகக் குறைய எரிவது அந்த உள்ளறைதான். பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்கும் அதைக் காட்டி, எங்கள் வீட்டு நல்ல பிள்ளை அந்த அறை என்று சிரித்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை.

மாதர் சங்கத்துப் பெண்கள் சிலர் இந்த லைட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதும் பொய். நான்தான் விடாமல் கூப்பிட்டேன். பொழுதுபட்டு இருட்டிக்கொண்டு வரும் நேரம் வந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"நான் ஒண்டையும் தொடமாட்டன், நீங்களே பாருங்கோ. ஆள் இருந்தா எரியும், இல்லாட்டி எரியாது."

கூடம் எரிந்தது. குசினி எரிந்தது. பெண்கள் ஆச்சரியப்பட, எனக்குத் தலைகால் தெரியவில்லை. உள்ளறைப் பக்கம் வந்தோம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருட்டு.

"இருட்டாக் கிடந்தா அங்க ஆளில்லை எண்டு அர்த்தம்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரி என் கணவருக்கென்று ஒரு சட்டி தயிர் கொண்டுவந்திருந்தாள்.

"அப்ப அண்ணை எங்கை ரீச்சர்? ஆஸ்பத்திரியிலயோ?" என்று கேட்டபடி, தயிரை உள்ளே வைப்பதற்காகத் திரைச்சீலையை விலக்கினாள்.

லைட் எரிந்தது. அவர் கதிரையில் இருந்தார். நித்திரை இல்லை. வெளிச்சம் கூசி, இடக்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"வாங்கோ, இருங்கோ" என்றார், வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி.

என் முகத்தில் ஈயாடவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அவருடைய சுகத்தை விசாரித்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், லைட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. போகும்போது பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்து, "உங்களுக்கும் எவ்வளவு வேலை ரீச்சர்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர்கள் போனதும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். நான் போகிற நேரமெல்லாம் என் அசைவுக்கு அந்த லைட் எரிந்திருக்கிறது. அதனால் நான் பார்த்த நேரமெல்லாம் அவர் வெளிச்சத்தில்தான் இருந்தார். கதிரைக்கு எட்டாத தூரத்தில் அவர் முகம் துடைக்கிற துவாய் நிலத்தில் கிடந்தது. அது தினமும் அப்படித்தான் கிடக்கும். எடுத்துக் கொடுத்து, சின்னப்பிள்ளை மாதிரி ஏன் கீழே போடுகிறீர்கள் என்று தினமும் ஏசியும் இருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டா நீர் வருவீர், எரியும். நீர் போக நூந்துபோம். எத்தினை தரம் கூப்பிடுறது?" மூச்செடுத்துக்கொண்டு தொடர்ந்தார். "கையை ஆட்டிப் பாத்தனான், உழைஞ்சு நோகுது. துவாயை எறிஞ்சா கொஞ்ச நேரம் எரியும். பிறகு எறியத் துவாய் இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. எஞ்சினில் என்ன பிழை என்று சொல்வதுபோலச் சொன்னார். கடலில் இருட்டுப் பழகிய மனிதர்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். படகில் இருட்டு வந்தால் லாம்பைக் கொளுத்த அவருக்கு இரண்டு கையும் இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்து திரிந்த நான், கட்டின மனிசனை மாதக்கணக்காக இருட்டில் இருத்தி, அதைப் போனில் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

போனில் அந்த அறையின் கண்ணை மட்டும் நிற்பாட்டினேன். பொழுதுபட்டதும் நானே லைட்டைப் போடுவேன். அவர் படுக்கும்வரை எரியும். மற்ற அறைகளெல்லாம் பழையபடிதான். மிச்சம் பிடிப்பது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். மற்ற வீட்டுப் படலைகளைத் திறக்கத்தான் கை வருகுதில்லை.

ஒரு நாள் இரவு, அவருக்குச் சோறு ஊட்டி முடித்த நேரம் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, உள்ளறை லைட் நெடுக எரியுது. கண் பழுதாப் போச்சோ?"

"பழுதில்லை" என்றேன். "அங்க ஆள் இருக்கு."

கதிரையில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முகம் கொடுக்க ஏலாமல், பழக்க தோஷத்தில் துவாயை எடுக்கக் குனிந்தேன். அது அவர் மடியிலேயே இருந்தது.